தீக்காயம் தானாக ஆறுமா, தோல் ஒட்ட வேண்டுமா? – வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

தீக்காயம் எத்தனை நாளில் ஆறும் என்பதைத் தோலைத் தொடாமலே, ஒளியைக் கொண்டு கணிக்கும் கருவிகள் இருப்பதாகச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியவர்களில் பலர் தம் வீட்டில் ஒருவருக்கு நேர்ந்த காயத்தை முன்வைத்தே கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை இப்பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் ஐந்து வயது மகளின் முன்கையில் வெந்நீர் கொட்டிவிட்டது. மறுநாள் கட்டைப் பிரித்துப் பார்த்த மருத்துவர், "சில இடங்கள் தானாக ஆறிவிடும், சில இடங்களைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது" என்றார். அனுபவமுள்ள மருத்துவருக்குப் பார்த்தவுடன் காயத்தின் ஆழம் தெரியாதா?

பதில்: மிக மேலோட்டமான காயமும் மிக ஆழமான காயமும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். வெயிலில் கன்றியதுபோல் வெறுமனே சிவந்திருக்கும் தோலைப் பற்றி யாருக்கும் சந்தேகம் எழாது. வெளுத்தோ கருகியோ, தொட்டால் உணர்ச்சியின்றி விறைத்துக் கிடக்கும் தோலைப் பற்றியும் அப்படியே. சிக்கல் முழுவதும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காயங்களில்தான் இருக்கிறது. குழந்தைகளுக்கு வெந்நீர் கொட்டி ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை இந்த இடைப்பட்ட வகையைச் சேர்ந்தவை. ஒரே காயத்தில் விரல் அகலத்துக்குள் ஆழம் மாறிக்கொண்டிருப்பதும் உண்டு.

நம் மேல்தோல் உடலின் பெரும்பகுதியில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனமே உள்ளது. அதற்குக் கீழே உள்ள உள்தோல் இடத்துக்கு ஏற்ப 1 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். மேல்தோல் முழுவதும் வெந்துபோனாலும் காயம் ஆறுவதற்குக் காரணம், உள்தோலுக்குள் இறங்கியிருக்கும் மயிர்க்கால்களையும் வியர்வைச் சுரப்பிகளையும் சுற்றி மேல்தோல் உயிரணுக்கள் இருப்பதுதான். அவை அங்கிருந்து பெருகி, மேலே ஏறி, பக்கவாட்டில் பரவிக் காயத்தை மூடுகின்றன. உள்தோலின் மேற்பகுதி மட்டும் வெந்திருந்தால் இந்த வேர்ப்பகுதிகள் பெரும்பாலும் தப்பியிருக்கும். காயம் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். உள்தோலின் அடிவரை வெந்திருந்தால் அவற்றில் சிலவே மிஞ்சும். மூடுவதற்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், சில இடங்கள் மூடாமலே போகலாம். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கக்கூடும். குழந்தைகளின் தோலும் முதியவர்களின் தோலும் மெல்லியவை என்பதால் அவர்களிடம் இது இன்னும் குறுகிவிடுகிறது.

இதை ஈரம், நிறம், அழுத்தினால் வெளுத்து மீண்டும் சிவக்கும் வேகம், ஊசிமுனை பட்டால் தெரியும் வலி ஆகியவற்றைக் கொண்டு கண்ணாலும் கையாலும் மதிப்பிட வேண்டியிருக்கிறது. தீக்காயச் சிகிச்சையிலேயே ஊறிய அறுவை மருத்துவர்கள்கூட இடைப்பட்ட காயங்களில் மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கு அளவுக்கே சரியாகக் கணிக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன.

இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. காயம் விபத்து நடந்த கணத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1953-இல் ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர் தீக்காயத்தை மூன்று வட்டாரங்களாகப் பிரித்துக் காட்டினார். நடுவில் வெந்து இறந்துவிட்ட பகுதி; அதைச் சுற்றி ரத்த ஓட்டம் தேங்கி, பிழைக்குமா பிழைக்காதா என்று ஊசலாடும் பகுதி; வெளியே ரத்தம் மிகுந்து சிவந்திருக்கும், நிச்சயம் பிழைக்கும் பகுதி. நடுவட்டாரத்தை அடுத்துள்ள அந்த ஊசலாடும் பகுதி முதல் இரண்டு மூன்று நாள்களில் எந்தப் பக்கமும் சாயலாம். மறுநாளே உறுதியான பதில் சொல்லாமல் இருந்தது, உங்கள் மருத்துவர் காயத்தை அறிந்தவர் என்பதற்கே அடையாளம்.

கேள்வி: "மூன்று வாரம்" என்ற கணக்கை எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். 20 நாளில் ஆறினால் நல்லது, 22 நாளில் ஆறினால் கெட்டதா?

பதில்: அப்படி ஒரு கோடு இயற்கையில் இல்லை, ஆனால் அந்தக் கணக்கு வெறும் வழக்கமும் அல்ல. 1983-இல் டைட்ச் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், 14 முதல் 21 நாளுக்குள் ஆறிய இடங்களில் மூன்றில் ஒரு பங்கு தடித்துப் புடைத்த தழும்பாக மாறியிருந்தது. 21 நாளுக்குப் பிறகு ஆறிய இடங்களிலோ 78 சதவீதம் அப்படி மாறியிருந்தது. காயம் திறந்து கிடக்கும் ஒவ்வொரு வாரமும் அழற்சி நீடிக்கிறது. அழற்சி நீடித்தால் நார்த்திசு அளவுக்கு மீறிச் சேர்கிறது. மூட்டுகளின் மேல் அப்படிச் சேர்ந்தால் கை நீட்டவும் விரல் மடக்கவும் முடியாமல் போகிறது.

ஆறாது என்று தெரிந்த இடத்தை முதல் வாரத்திலேயே செதுக்கி எடுத்துவிட்டு, வேறிடத்துத் தோலை ஒட்டிவிடும் முறையை, இன்றைய ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரில் பணியாற்றிய ஸோரா யான்ஸெகோவிச் என்ற பெண் மருத்துவர் 1970-இல் வெளியிட்ட கட்டுரையின் மூலம் உலகம் முழுவதும் பரவச் செய்தார். வெந்த தோலை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ரத்தம் கசியும் உயிருள்ள அடுக்கு வந்ததும் நிறுத்துவது அவர் முறை. அது எத்தனையோ உயிர்களையும் கைகளையும் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதே முறை, "எது ஆறாது?" என்ற கேள்விக்கு ஐந்தாம் நாளே பதில் கேட்கிறது. அவசரப்பட்டால், தானாக ஆறியிருக்கும் தோலைச் செதுக்கி எறிந்துவிட்டு, ஒட்டுவதற்குத் தோல் எடுக்கும் தொடையிலும் ஒரு புதுக் காயத்தை உண்டாக்குகிறோம். காத்திருந்தால், மூன்று வாரம் வலியோடு கட்டுமாற்றிய பிறகும் அறுவைக்கே வந்து சேர்கிறோம், தழும்பும் சேர்ந்து வருகிறது. படம்பிடிக்கும் கருவிகளின் தேவை எழுந்தது இந்த இடத்தில்தான். ஆகவே ஒரு கருவியை நான் மதிப்பிடும்போது, இந்த இரண்டு தவறுகளில் எதை அது குறைக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

கேள்வி: லேசர் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார்கள். புண்ணின் மேல் லேசரைப் பாய்ச்சினால் வலிக்காதா? உண்மையில் அந்தக் கருவி எதைப் பார்க்கிறது?

பதில்: வலிக்காது, சுடவும் செய்யாது. பயன்படுவது மிகக் குறைந்த ஆற்றலுள்ள சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளி. கண்ணில் நேராக விழக் கூடாது என்பதற்காகப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவிப்பார்கள். குழந்தையாக இருந்தால் கண்களை மூடி மறைத்துவிடுவார்கள்.

இந்தக் கருவி ஆழத்தை அளப்பதில்லை. ரத்த ஓட்டத்தை அளக்கிறது. இதைப் பலரும், சில வேளைகளில் மருத்துவர்களும், குழப்பிக்கொள்கிறார்கள். லேசர் ஒளி தோலுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நுழைந்து சிதறித் திரும்புகிறது. அசையாத திசுவில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் மாறுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் மட்டும் மிகச் சிறிதளவு மாறுகிறது. டாப்ளர் விளைவு என்று பள்ளியில் படித்தது இதுதான்; கருவியை லேசர் டாப்ளர் என்று அழைப்பதும் இதனால்தான். எத்தனை அணுக்கள், எவ்வளவு வேகத்தில் ஓடுகின்றன என்பதை இந்த மாற்றத்திலிருந்து கணக்கிட்டு, கருவி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. தோலின் ரத்த ஓட்டத்தை இவ்வாறு அளக்கலாம் என்று 1975-இலேயே காட்டப்பட்டுவிட்டது. காயம் முழுவதையும் வருடிப் படமாக்கும் கருவிகள் 1990-களில் தீக்காயப் பிரிவுகளுக்கு வந்தன.

ஆறுதலுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மேலோட்டமான காயத்தில் உள்தோலின் நுண் ரத்தக் குழாய்கள் தப்பியிருக்கின்றன. அழற்சியால் அவை விரிந்து, இயல்பான தோலைக் காட்டிலும் பல மடங்கு ரத்தத்தைக் கொண்டுவருகின்றன. ஆழமான காயத்தில் அந்தக் குழாய்களே உறைந்து அடைபட்டிருக்கும். மயிர்க்கால்களும் நுண் குழாய்களும் அதே அடுக்கில் இருப்பதால், ஒன்று பிழைத்த இடத்தில் மற்றொன்றும் பிழைத்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஆக, படம் காட்டுவது ரத்த ஓட்டம். அதிலிருந்து நாம் கணிப்பது ஆறும் காலம். ஆழம் என்பது நடுவில் நாமாகச் சேர்த்துக்கொள்ளும் சொல்.

எடுக்கும் விதம் எளிது. கட்டைப் பிரித்து, களிம்பின் படலத்தையும் உரிந்து தொங்கும் கொப்புளத் தோலையும் துடைத்து எடுத்துவிட்டு, கையை ஒரு கருநிறத் துணியின் மேல் நீட்டி வைப்பார்கள். கருவி எட்டவே நிற்கும். பழைய வகையில் ஒரு கண்ணாடி மெல்லத் திரும்பித் திரும்பிச் செந்நிறப் புள்ளியைக் காயத்தின் மேல் வரிவரியாக நகர்த்திச் செல்லும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். திரையில் இரண்டு படங்கள் அருகருகே வரும்: ஒன்று சாதாரண நிழற்படம், மற்றொன்று வண்ணப்படம். நிழற்படத்தில் முன்கை முழுவதும் ஒரே இளஞ்சிவப்பாகத் தெரியும். வண்ணப்படத்திலோ பெரும்பகுதி சிவப்பாகவும், மணிக்கட்டுக்கு மேலே ஒரு மூலையில் மட்டும் மஞ்சள், பச்சை ஓரங்களோடு ஒரு நீலத் திட்டும் இருக்கும். சிவப்பு இடங்கள் 14 நாளுக்குள் ஆறக்கூடியவை. நீலம் 21 நாளுக்குள் ஆறாதவை. இடைப்பட்ட நிறங்கள் அவற்றுக்கு நடுவே. இப்படி ஒரு நீலத் திட்டு தெரிந்துவிட்டால், கை முழுவதற்கும் அறுவை என்று இருந்த பேச்சு அந்தச் சிறு இடத்துக்கு மட்டும் என்று சுருங்கிவிடும்.

கேள்வி: அப்படியானால் விபத்து நடந்த அன்றே எடுத்துவிடலாமே? ஏன் இரண்டு நாள் காக்க வைக்கிறார்கள்?

பதில்: முதல் நாளில் குழாய்கள் இறுக்கத்தாலும் வீக்கத்தாலும் சுருங்கியிருக்கலாம், பிழைக்கப்போகும் இடமும் நீலமாகத் தெரியலாம். இன்று ஓட்டம் உள்ள இடம் நாளை அடைபட்டும் போகலாம். 48 மணி நேரத்துக்குப் பிறகு, ஐந்தாம் நாளுக்குள் எடுக்கும் படமே நம்பத் தகுந்தது என்று கருதப்படுகிறது. மிகத் தாமதமானாலும் பயனில்லை: ஆறாத ஆழமான காயத்தின் அடியிலிருந்து செந்நிறமான புதுத் திசு முளைக்கத் தொடங்கும், அதில் ரத்தம் மிகுதியாக ஓடும், கருவி அதையும் சிவப்பாகக் காட்டும்.

முதல் நாளில் செய்ய வேண்டியது வேறொன்று இருக்கிறது. விபத்து நடந்து மூன்று மணி நேரத்துக்குள், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காயத்தைக் காட்டினால், ஜாக்சன் சொன்ன அந்த ஊசலாடும் பகுதியில் ஒரு பங்கைக் காப்பாற்ற முடியும். பனிக்கட்டி கூடாது, அது குழாய்களை மேலும் சுருக்கிவிடும்.

கேள்வி: இந்தக் கருவிகள் 95 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்வதாகப் படித்தேன். அவ்வளவு நம்பலாமா?

பதில்: லேசர் டாப்ளர் பற்றிய பல ஆய்வுகளில் அந்த அளவு துல்லியம் கிடைத்திருப்பது உண்மை. இங்கிலாந்தின் மருத்துவ மதிப்பீட்டு அமைப்பான நைஸ் 2011-இல் இத்தகைய ஒரு கருவியைப் பரிந்துரைத்தும் இருக்கிறது. ஆனால் அந்தப் பரிந்துரையின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும்: அனுபவமுள்ள மருத்துவர்கள் பார்த்த பிறகும் ஆழம் பற்றி ஐயம் நீடிக்கும் காயங்களுக்கு என்றுதான் அது சொல்கிறது. எல்லாக் காயத்துக்கும் எடுத்துத் தள்ளுங்கள் என்று அது சொல்லவில்லை.

மேலும், 95 என்ற எண் நல்ல படத்துக்கு உரியது. குழந்தை அழுது கையை உதறினால் அந்த அசைவையும் கருவி ரத்த ஓட்டமாகவே எண்ணிக்கொள்ளும். காயத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டிருந்தால் ஓட்டம் கூடி, ஆழமான காயமும் நம்பிக்கையூட்டும் நிறத்தில் வரும். கை, கால் போன்ற உருண்ட உறுப்புகளின் ஓரங்களில் ஒளி சாய்வாக விழுவதால் ஓட்டம் குறைவாகத் தெரியும். ஆகவே ஒரே கோணத்தில் எடுத்த படத்தின் விளிம்பில் நீலத்தைப் பார்த்துப் பயப்படக் கூடாது, உறுப்பைத் திருப்பி மறுபடி எடுக்க வேண்டும். பச்சை குத்திய இடம், வெள்ளி கலந்த களிம்பு உலர்ந்து படிந்த இடம், முன்பே கால் ரத்தக் குழாய்கள் அடைபட்டவர்களின் பாதம் ஆகியவையும் ஓட்டத்தைக் குறைத்துக் காட்டும். இவற்றில் எதையும் கருவி தானாகக் கண்டுகொள்ளாது. காயத்தின் நிழற்படத்தையும் வண்ணப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நோயாளியையும் அருகில் இருத்திக்கொண்டு பார்க்கும் மருத்துவருக்குத்தான் அவை தெரியும். படத்தை மட்டும் வேறொரு ஊருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது, என் பார்வையில், பாதிப் பரிசோதனைதான்.

கேள்வி: லேசர் டாப்ளர் தவிர வேறு முறைகள் உண்டா? எது சிறந்தது?

பதில்: பல உண்டு, ஒவ்வொன்றும் தோலின் வெவ்வேறு இயல்பைப் பார்க்கிறது.

மிகப் பழையது வெப்பப் படம். ஆழமான காயத்தில் ரத்தம் குறைவு என்பதால் அது பக்கத்துத் தோலைவிடக் குளிர்ந்திருக்கும் என்ற எண்ணத்தில், 1961-லேயே கனடாவில் தீக்காயங்களை இவ்வாறு படம்பிடித்தார்கள். கருவியின் விலை இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. கைபேசியில் பொருத்தும் அளவுக்குச் சிறிதாகியும்விட்டது. ஆனால் கொப்புளம் உடைந்த ஈரமான காயம் ஆவியாதலாலேயே குளிர்ந்துவிடும். அறையில் காற்று வீசினாலும் கணக்கு மாறும். ஈரத்தை ஒற்றி எடுத்து, அறையின் வெப்பத்தை நிலைப்படுத்தி எடுக்காவிட்டால் அந்தப் படத்துக்கு மதிப்பில்லை.

லேசர் ஒளி பரப்பில் பட்டால் மணல் தூவியதுபோல் மினுமினுக்கும் புள்ளிகள் தெரியும். அடியில் ரத்தம் ஓடினால் அந்தப் புள்ளிகள் கலங்கி மங்கும். அந்த மங்கலை அளந்து ரத்த ஓட்டத்தைக் காட்டும் முறை லேசர் ஸ்பெக்கிள். ஃபெர்ஷர், பிரையர்ஸ் ஆகிய இருவர் 1981-இல் இதை முன்வைத்தார்கள். ஒரு நொடிக்குள் முழுப் படமும் கிடைத்துவிடுவதால் அடங்காத குழந்தைகளிடம் இது பெரிய வசதி. டாப்ளர் அளவுக்கு நீண்ட காலச் சரிபார்ப்பு இதற்கு இன்னும் சேரவில்லை என்பதும், டாப்ளரின் நிற எல்லைகளை இதற்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

ஒளிசார் குறுக்குவெட்டுப் படம் என்று ஒன்று உண்டு. கண் மருத்துவர் விழித்திரையைப் பார்க்கப் பயன்படுத்தும் அதே ஓசிடி. 1991-இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய இந்த முறை, மேலே சொன்னவற்றைப் போலன்றித் தோலின் அமைப்பையே காட்டுகிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நுட்பத்தில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரை. இதன் ஒரு வகை ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலை அதிரும் திசையை, கவனிக்கிறது. உள்தோலின் கொலாஜன் என்ற புரத இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளியின் முனைவாக்கத்தை மாற்றும்; வெந்த கொலாஜன் அந்த ஒழுங்கை இழந்துவிடும். எது வரை வெந்தது என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேறில்லை. ஆனால் ஒரு தடவைக்குச் சில மில்லிமீட்டர் அகலமே தெரியும். முதுகு முழுவதும் வெந்தவருக்கு இதைக் கொண்டு என்ன செய்வது? ஆய்வுக்கூடத்தைத் தாண்டி இது அதிகம் வராததற்கு அதுவே முதன்மைக் காரணம் என்று நினைக்கிறேன்.

பல அலைநீளங்களில் எடுக்கும் படங்களைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன். சாயத்தை ரத்தக் குழாயில் ஏற்றி எடுக்கும் ஒளிர்வுப் படமும் நன்றாகவே வேலை செய்கிறது. ஊசி போட வேண்டியிருப்பதால் அது இந்தப் பட்டியலில் சேராது. சதைத் துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதை இறுதித் தீர்ப்பாகச் சொல்வார்கள். அது எடுத்த இடத்தைப் பற்றி மட்டுமே பேசும், ஒரு தழும்பையும் விட்டுச்செல்லும். அதனால் அன்றாடச் சிகிச்சையில் யாரும் செய்வதில்லை.

இன்று ஒரு தீக்காயப் பிரிவுக்கு ஒரே ஒரு கருவி வாங்கலாம் என்றால், சரிபார்ப்பின் கனத்தைக் கருதி லேசர் டாப்ளரையே சொல்வேன். அவற்றிலும் வரிவரியாக வேகமாக வருடும் புதிய வகையை.

கேள்வி: எங்கள் குடும்பத்தினர் அனைவரும் நல்ல கருநிறம். ஒளியை வைத்து எடுக்கும் படங்கள் எங்களுக்குச் சரியாக வருமா?

பதில்: மிகவும் தேவையான கேள்வி. தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் கண்ணுக்குத் தெரியும் ஒளியை, அதிலும் நீலத்தையும் பச்சையையும், மிகுதியாக உறிஞ்சும். அகச்சிவப்பை நெருங்க நெருங்க அதன் குறுக்கீடு குறையும். மறுபுறம், ரத்தத்தின் ஹீமோகுளோபினும் பச்சை ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது. சிவப்பு, பச்சை, அகச்சிவப்பு ஆகிய மூன்று ஒளிகள் காயத்திலிருந்து எந்த விகிதத்தில் திரும்புகின்றன என்பதைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கும் கருவியை 1980-களில் சியாட்டில் நகரின் ஹைம்பாக், அஃப்ரோமோவிட்ஸ் ஆகியோர் உருவாக்கினார்கள். இன்றைய பல்அலைநீளக் கேமராக்கள் அந்த எண்ணத்தின் வாரிசுகள். தெரியும் ஒளியை நம்பும் இந்த வகையில் தோல் நிறம் குறுக்கிட வாய்ப்பு அதிகம்.

மேல்தோல் உரிந்துவிட்ட காயத்தின் நடுவில் இந்தப் பிரச்சினை ஓரளவு குறையும், ஏனெனில் மெலனின் பெரும்பாலும் மேல்தோலில்தான் இருக்கிறது. மேல்தோல் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களிலும், காயத்தைப் பக்கத்து நலமான தோலோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் கருவிகளிலும் அது திரும்ப வந்துவிடும். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவி பல பத்தாண்டு புழக்கத்துக்குப் பிறகும் இதில் தவறியது: அமெரிக்காவில் 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஆக்சிஜன் குறைவை அது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டிருந்தது தெரிய வந்தது. ஆகவே எந்தத் தோல் நிறங்களில் சரிபார்த்தீர்கள் என்று கருவி விற்பவரைக் கேட்பது மருத்துவமனையின் கடமை. வெறும் கண்ணுக்கும் இதே குறை உண்டு. வெளிர்தோலின் சிவப்பை வைத்து எழுதிய பாடநூலைப் படித்தவர் கருந்தோலில் சிவப்பைத் தேடித் தோற்பார். அகச்சிவப்பு லேசரால் ரத்த ஓட்டத்தை அளப்பது இந்த இடத்தில் கண்ணைவிட நேர்மையானது.

கேள்வி: கைபேசியில் காயத்தைப் படமெடுத்தால் செயற்கை நுண்ணறிவே ஆழத்தைச் சொல்லிவிடும் என்று என் தம்பி சொல்கிறான். மருத்துவமனைக்குப் போகாமல் அதை நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். தம்பி சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. பல ஆய்வுக்குழுக்கள் இதில் உழைத்துவருகின்றன, பல்அலைநீளப் படங்களோடு சேர்த்துப் பார்க்கும்போது முடிவுகளும் நன்றாக இருக்கின்றன. சாதாரண நிழற்படம் ஒன்றை மட்டும் பார்க்கும் செயலி, நிழற்படத்தில் இருப்பதைத்தான் சொல்ல முடியும். அறை விளக்கின் மஞ்சளும் கைபேசி தானாகச் செய்யும் நிறத் திருத்தமும் அதில் கலந்திருக்கும்.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரு நிரலுக்குக் கற்பிக்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கான படங்களோடு, ஒவ்வொன்றுக்கும் சரியான விடையும் வேண்டும். அந்த விடையை எங்கிருந்து பெறுவது? மருத்துவர்கள் பார்த்துச் சொன்னதை விடையாகக் கொடுத்தால், நான்கில் ஒன்று தவறாகச் சொல்லும் ஆசிரியரிடம் நிரல் பாடம் படிக்கிறது. அவரைப் போலவே தவறவும் கற்றுக்கொள்ளும், அதன்பின் "மருத்துவருக்கு இணையான துல்லியம்" என்று பெருமையும் பேசும். 21-ஆம் நாளில் ஆறியதா இல்லையா என்பதே நியாயமான விடை. ஆனால் ஐந்தாம் நாளே செதுக்கித் தோல் ஒட்டப்பட்ட காயம் தானாக ஆறியிருக்குமா என்பது யாருக்கும் ஒருபோதும் தெரியப்போவதில்லை. அந்தக் காயங்களை ஆய்விலிருந்து விட்டுவிட்டால் ஆழமானவை பட்டியலிலிருந்து கழன்றுவிடும். "ஆறாதவை" என்று சேர்த்துக்கொண்டால் அறுவை மருத்துவரின் ஊகமே விடையாகிவிடும். செதுக்கி எடுத்த தோலை நுண்ணோக்கியில் பார்த்து விடையைத் திருத்துவது ஒரு வழி. நல்ல ஆய்வுகள் அதைச் செய்கின்றன. இத்தகைய அறிவிப்பு எதைப் படித்தாலும், துல்லியம் எத்தனை சதவீதம் என்பதற்கு முன்பு, எதை வைத்து அந்தச் சதவீதத்தைக் கணக்கிட்டார்கள் என்று தேடிப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் இத்தகைய கருவி எதுவும் இல்லை. என் அண்ணியின் சிகிச்சை குறையுள்ளதாகிவிடுமா?

பதில்: ஆகாது. ஒரே மருத்துவர் இரண்டாம் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று காயத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும், ஒவ்வொரு முறையும் ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து ஒப்பிடுவதும் இந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்பும். கருவி சில நாள்களை மிச்சப்படுத்தும், சில அறுவைகளைத் தவிர்க்கும். கட்டுமாற்றுதலையோ, தொற்றுத் தடுப்பையோ, ஊட்டத்தையோ, மூட்டுப் பயிற்சியையோ அது செய்துவிடாது. முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் காயம் இருந்து, பத்து நாளாகியும் மூடும் அறிகுறி இல்லை என்றால், தீக்காயச் சிறப்புப் பிரிவுக்கு அனுப்புமாறு நீங்களே கேட்கலாம்.

கேள்வி: நாளை மறுநாள் என் கணவருக்கு லேசர் ஸ்கேன். நாங்கள் என்ன செய்துகொண்டு போக வேண்டும்?

பதில்: கட்டைப் பிரித்துக் காயத்தைத் துடைப்பதுதான் வலிக்கும், ஸ்கேன் அல்ல, ஆகவே வலிமாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே செவிலியரிடம் கேட்டுவையுங்கள். அவர் புகைபிடிப்பவரானால் அன்று நிறுத்தச் சொல்லுங்கள். நிகோடின் தோலின் நுண் குழாய்களைச் சுருக்கும். காயம் உள்ள இடத்தில் பச்சை குத்தியிருந்தாலோ, பழைய தழும்போ முன்பு ஒட்டிய தோலோ இருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை நோய், கால் ரத்தக் குழாய் அடைப்பு, ரத்தசோகை ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். குளிர்ந்த அறையில் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால் போர்வை கேளுங்கள். படம் வந்ததும் வண்ணப்படத்தோடு நிழற்படத்தையும் திரையில் காட்டச் சொல்லி, நீலமாக உள்ள இடம் உடம்பில் எது என்று மருத்துவரையே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இடத்தின் அளவுதான்.